சாப்பாட்டு மேசையின் சட்டம்

அன்பு மகன் ரஃபாத்துக்கு, போர்ட் சயீதிலிருந்து உன் அப்பா எழுதுவது. அல்லாஹ்வின் அருளால் இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், வியாழக்கிழமை தொலைபேசியில் நீ போட்ட சத்தத்திலேயே உடம்பில் தெம்புக்குக் குறைவில்லை என்று தெரிந்துகொண்டேன். நான் வாயைத் திறக்குமுன் நீ தீர்ப்புச் சொல்லி முடித்து போனை வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் காலத்தில் யாரும் செய்யாத வேலையாகக் காகிதம் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். விடுப்பு முடிந்து சவூதிக்கு, ஜுபைலுக்குத் திரும்பும் உன் சிநேகிதன் சலாமா இதைக் கொண்டுவருவான். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் நல்ல செய்தி. உன் தங்கை ஹனானுக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம், உன் அம்மா இன்னும் இஸ்மாயிலியாவில் அவளோடுதான் இருக்கிறாள். மாப்பிள்ளையின் தாயார் கோழிச்சாற்றில் உப்பு அதிகம் போடுகிறாளாம், அதைச் சொல்வதற்கென்றே தினமும் எனக்குப் போன் வருகிறது. கடையில் வியாபாரம் மந்தம், ஆனால் குளிர்காலத்துக் கம்பளிச் சட்டை மூட்டைகள் நல்லதாக வந்திருக்கின்றன, இப்போது வாங்கி வைத்தால் பிறகு நாம் சொன்னதுதான் விலை. என் முழங்கால் பழையபடிதான். நீ டப்பா மீனையே தின்று காலம் தள்ளுகிறாய் என்று சலாமா சொன்னான், கொஞ்சம் பருப்பாவது வேகவைத்துச் சாப்பிடு, அந்த வெயிலில் டீயைக் குறைத்துத் தண்ணீர் குடி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் சித்தப்பா மகன் வஜீஹ் உனக்குப் போன் செய்து உன் மகள் ரீதாஜ் தேர்வில் காப்பியடித்துப் பிடிபட்டாள், தம்பி ஆசரும் சேர்ந்து மாட்டிக்கொண்டான் என்று சொல்லியிருக்கிறான். வஜீஹ் அன்றைக்குப் பள்ளி வாசலைக் கூட மிதிக்கவில்லை, முடிவெட்டும் கடையில் கேட்டதை உனக்கு விற்றிருக்கிறான். அதை வாங்கிக்கொண்டு நீ என்னிடம், "வீட்டுல வச்சுப் படிக்க வைக்கிறேன்னு சொல்லி நெர்மீன் எம் பிள்ளைங்களுக்குத் திருடக் கத்துக் குடுத்திருக்கா, லீவு முடிஞ்சதும் ரெண்டு பேரையும் அந்த பஸ் வர்ற தனியார் பள்ளியில சேத்துடுங்க, அவகிட்ட கேக்க வேணாம், நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றாய். மகனே, நாற்பது வயதுக்குள் இந்தப் பழந்துணிச் சந்தையில் எனக்கென்று ஒரு கடை வந்தது ஒரே ஒரு பழக்கத்தால். கட்டு பிரிக்காத மூட்டைக்கு நான் விலை சொன்னதில்லை. மேலே வெல்வெட்டை வைத்துக் கட்டி உள்ளே கந்தலை வைப்பவனும் உண்டு, மேலே கிழிசல் தெரிந்தால் உள்ளே முதல் தரம் இருப்பதும் உண்டு. கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். உன் அம்மா ஊருக்குப் போனதிலிருந்து, மருமகள் நெர்மீனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று, காலையில் கடையில் அவித்த பீன்ஸ் தின்பதை விட்டுவிட்டு வீட்டில்தான் சாப்பிடுகிறேன், அதனால் இந்த மூட்டைக்குள் நான் கை விட்டுப் பார்த்தவன். நீ பார்க்காதவன்.

ஆசர் பள்ளியில் வாய் திறப்பதையே விட்டுவிட்டான் என்பதால்தானே வீட்டுப் படிப்புக்கு நீயே சம்மதித்தாய். அவனுக்கு முதல் எழுத்து தொண்டையில் நின்றுவிடும், பின்னால் இருக்கும் பயல்கள் அதையே திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள், இவன் ஒரு நாள் பேச்சையே மூட்டை கட்டி வைத்துவிட்டான். வீட்டுக்குள் பேசுவான், வாசற்படி தாண்டினால் ஊமை. அவனைப் பார்த்துவர ரீதாஜ் தன் வகுப்பிலிருந்து அடிக்கடி எழுந்து ஓடி அவளும் அடி வாங்கினாள். பெயர் பள்ளியில், படிப்பு வீட்டில், தேர்வுக்கு மட்டும் போவது என்பது நம் தெருவில் பாதி வீட்டில் நடப்பதுதான். மற்ற பிள்ளைகள் டியூஷனுக்கு ஓடுகின்றன, நம் பிள்ளைகள் சாப்பாட்டு மேசைக்கு ஓடுகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மேசையை நீ பார்க்க வேண்டும். பீன்ஸ் தட்டுகளை எடுத்தவுடன் நெர்மீன் ஈரத்துணியால் ஒரு துடை துடைப்பாள், அதுதான் மணியடிப்பது. பருப்பில் கல் பொறுக்கும் தட்டை நடுவில் வைப்பாள். பொறுக்கிக்கொண்டே ஆசர் பருப்பைப் பத்துப் பத்தாகக் குவித்துக் கூட்டல் போடுவான், ரீதாஜ் அதே குவியலை வைத்து வகுத்தல் போடுவாள், குட்டி சலீம் மேசைக்கு அடியில் உட்கார்ந்து கீழே விழுந்ததையெல்லாம் வாயில் போடுவான். "சலீம், ஆசரோட பத்துல ஒண்ணைத் தின்னுட்டியா?" என்று கேட்டால், "ஒண்ணு இல்ல, ரெண்டு, இப்ப அவன்கிட்ட எட்டு" என்கிறான். நாலு வயது. அவனுக்கு யாரும் கழித்தல் சொல்லித் தரவில்லை, மேசைக்கு அடியிலேயே பொறுக்கிக்கொண்டான். சண்டையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஒரே ரப்பருக்கு இரண்டு பேரும் இழுத்து அது பாதியானது, சரி, பாதி என்றால் என்ன என்று நெர்மீன் அதையே பாடமாக்கிவிட்டாள். எனக்கென்னவோ ரப்பருக்குச் செலவு கூடும் என்றுதான் தோன்றியது. குர்ஆன் ஓதும்போது ரீதாஜும் ஆசரும் சேர்ந்து ஓதுவார்கள், அவள் குரல் பக்கத்தில் இருந்தால் அவன் ஓர் எழுத்தில் கூட நிற்பதில்லை, தண்ணீர் போலப் போகிறான். கொஞ்ச நாளாக அவள் நடுவில் தன் குரலை மெல்ல இறக்கிவிடுகிறாள், அவன் தனியாகப் போய்க்கொண்டிருப்பது அவனுக்கே தெரிவதில்லை. இதை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நெர்மீனைக் கேட்டேன், "நான் சொல்லலை மாமா, அவளாத்தான் செய்றா, நீங்களும் கவனிச்ச மாதிரி காட்டிக்காதீங்க" என்றாள்.

மதியத்துக்குள் பாடம் முடிந்துவிடும். முலூக்கியாக் கீரை அடுப்பில் ஏறுமுன் சில நாள் மூன்றையும் இழுத்துக்கொண்டு படகேறிக் கால்வாயின் அக்கரைக்கு, போர்ட் ஃபுவாதுக்குப் போய்த் திரும்புவாள். கால்வாயில் கப்பல் வந்தால் ரீதாஜ் பெயரைப் படித்து எந்த நாட்டுக் கொடி என்று சொல்ல வேண்டும், ஆசர் அதில் அடுக்கிய சரக்குப் பெட்டிகளை வரிசை போட்டுப் பெருக்க வேண்டும், சலீமுக்கு எண்ணக் கடற்காகங்கள். ஒரு நாள் நானும் போனேன். சலீம் ஒரு பெரிய கப்பலைக் காட்டி, "இதுலதான் அப்பா வருவாங்களா?" என்று கேட்டான். "அப்பா விமானத்துல வருவாங்கடா" என்றேன். "அப்ப இவ்வளவு பெட்டி யாருக்கு?" என்றான். அதை நீயே வந்து அவனுக்கு விளக்கு.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால்தான் தேர்வில் நடந்தது உனக்குப் புரியும். வேலையை முதலில் முடித்தவர் புத்தகத்தை மூடக்கூடாது, பக்கத்தில் இருப்பவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். விடையைச் சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒருத்தியாக வைத்து மேய்ப்பவள் வேறு என்ன செய்வாள்? எல்லோரும் முடித்த பிறகுதான் பேரீச்சம்பழம். தேர்வுக்கு அனுப்பும் முன் பென்சில் சீவிக் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள், தலை வாரி விட்டாள், காப்புக்காகக் குர்ஆனின் பெரிய ஆயத்து ஓதி முகத்தில் ஊதினாள். அங்கே இந்தச் சட்டம் செல்லாது என்று சொல்ல மட்டும் மறந்துவிட்டாள். எனக்கும் தோன்றவில்லை.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளையெல்லாம், எந்த வகுப்பானாலும், பள்ளியில் ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். ரீதாஜ் கணக்கை முடித்தாள். பக்கத்தில் யாரோ ஒரு பையன் வகுத்தலில் மாட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சி அழுதுகொண்டிருந்தான். இவள் என்ன செய்வாள், மேசையில் செய்வதைச் செய்தாள். அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அறை முழுக்கக் கேட்கும்படி, "அழாதே, உங்க வீட்ல இருபத்தி நாலு ரொட்டி இருக்கு, ஆறு பேரு இருக்கீங்க, சண்டை வராம எப்படிக் குடுப்பே?" என்று கேட்டாள். இருபது வருடத்தில் சத்தம் போட்டுக் காப்பியடித்த பிள்ளையைக் கண்காணிப்பு அம்மா பார்த்ததே இல்லையாம். அந்தப் பையனோ, "எங்க வீட்ல ரொட்டி பத்தாது, எப்பவும் சண்டைதான்" என்று இன்னும் அழுதான். அப்போதுதான் பின் வரிசையிலிருந்து ஆசர், தாளிலிருந்து தலையைக் கூடத் தூக்காமல், "ரொ ரொ ரொட்டிய விடு ரீதாஜ், அவனுக்கு மீ மீன வச்சுக் கேளு" என்றான்.

மகனே, இதை இன்னொரு தடவை படி. அந்நியப் பிள்ளைகள் நிறைந்த அறை, அதட்டும் பெரியவர் ஒருவர், ஒன்றரை வருடமாக வாசற்படிக்கு வெளியே ஒரு சொல் பேசாத உன் மகன் பேசினான். ரொட்டியில் முட்டினான், மீனில் முட்டினான், நிறுத்தவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை, அந்த அழுத பையன் மட்டும் சிரித்தானாம், அது மீனுக்காக.

இரண்டு தாளையும் பிடுங்கிக்கொண்டு எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் கடையிலிருந்து போகும்போதே யாரைப் பிடிக்கலாம், என்ன பேசிச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் போனேன், அது என் தொழில் புத்தி. நெர்மீன் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள், முகம் வெளுத்துப் போயிருந்தது. தலைமை ஆசிரியை ரீதாஜிடம், "விடையைச் சொன்னியா இல்லையா?" என்று கேட்டார். "இல்ல மிஸ், சொன்னா அவனுக்கு அந்த ஒண்ணுதானே கிடைக்கும், அடுத்த கணக்குக்கு மறுபடியும் அழுவான்" என்றாள். கண்காணிப்பு அம்மா, "பாத்தீங்களா, வாய!" என்றார். நெர்மீன்தான், "தப்பு என்னோடது டீச்சர், வீட்டுப் பழக்கம், இங்க கூடாதுன்னு சொல்லி அனுப்பலை. வேற கேள்வித்தாள் குடுங்க, தனித்தனியா உக்கார வைங்க, எழுதட்டும்" என்றாள். நான் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. தலைமை ஆசிரியை சம்மதித்தார். ரீதாஜ் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்து எழுதினாள். ஆசரிடம் தலைமை ஆசிரியை தாமே கேள்விகளை வாய்மொழியாகக் கேட்டார். அவன் முதல் விடையில் நின்றபோது அவர் சொல்லை எடுத்துக் கொடுக்கப் போனார், நெர்மீன், "டீச்சர், கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் பொறுத்துக்கோங்க, வரும்" என்றாள். பொறுத்தார். வந்தது. எல்லாக் கேள்விக்கும் வந்தது. இரண்டு பேரும் தேறிவிட்டார்கள், ரீதாஜுக்கு எச்சரிக்கை மட்டும். இதுதான் முழு மூட்டை. வஜீஹ் உனக்கு மேலே கிடந்த கிழிசலை மட்டும் காட்டியிருக்கிறான்.

உன் வீட்டுக்காரியைப் பற்றி ஒரு வார்த்தை. நீ அவளைத் திருட்டுக் கற்றுத் தருபவள் என்றது அவள் காதில் விழுந்தது, போனில் உன் சத்தம் சமையலறை வரை கேட்கும். மறுநாள் காலை மேசையைத் துடைத்தாள், பருப்புத் தட்டை வைத்தாள், கல்லைப் பொறுக்கினாள், கல் தீர்ந்த பிறகும் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். ஆசர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ம்மா, நீ மு முடிக்கலன்னா நாங்க பழம் தி திங்க முடியாது" என்றான். அதற்குப் பிறகுதான் சிரித்தாள். அவளுக்கு நீயாகப் போன் செய், என்ன சொல்வது என்று உனக்குத் தெரியாவிட்டால் ஹனானைக் கேள்.

அந்தத் தனியார் பள்ளிக்கு நான் போகவில்லை, போகப் போவதும் இல்லை. உன் பிள்ளைகள், உன் உரிமை, அதை நான் மறுக்கவில்லை. எப்போதும் இப்படியே வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, ரீதாஜுக்குச் சிநேகிதிகள் வேண்டும், அது எனக்கும் தெரிகிறது, நெர்மீனுக்கும் தெரியும். ஆனால் பெருநாள் விடுப்புக்கு வந்து அந்த மேசையில் உட்கார், பருப்புப் பொறுக்கு, பிறகு நெர்மீனோடு உட்கார்ந்து முடிவு சொல். அது எதுவானாலும் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். கையை விட்டுப் பார்க்காமல் சொல்லாதே.

உன் கையில் பரக்கத்தும் உன் மனத்தில் பொறுமையும் இறைவன் தருவானாக, வேலை செய்யும் இடத்தில் உயரத்தில் ஏறும்போது கவனம், சலாமாவிடம் கொடுத்திருக்கும் பாலாடைக்கட்டியை அவன் பாதி தின்றிருந்தால் கேட்காமல் விடாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. போனில் ஆசர் ஒரு சொல்லைத் தொடங்கினால் நீ பாசத்தில் முடித்து வைத்துவிடுகிறாய், அதனால்தான் உன் போன் வந்தால் அவன் ஒளிந்துகொள்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அவனே உனக்குப் போன் செய்யப்போகிறான், ரீதாஜ் பக்கத்தில் இல்லாமல், தனியாக. மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன், இந்த வீட்டுச் சட்டம் அப்படி. எவ்வளவு நேரமானாலும் நீ பொறுத்திரு, வரும்.

பிரார்த்தனையோடு,
உன் அப்பா மெத்வல்லி