மொரனிகே கடையில் எதிர் நாற்காலி

கொலாடேயின் அம்மாவுக்கு,

நீ மகள் வீட்டுக்குப் போனதிலிருந்து எனக்கு மதியச் சாப்பாடு மொரனிகே கடையில்தான். அமாலாக் களி தட்டில் வந்ததும் காலியான எதிர் நாற்காலியைப் பார்த்து, "வா, சாப்பிடு" என்கிறேன். மொரனிகே சிரிக்கிறாள்: "வாத்தியாரே, ஆளில்லாத நாற்காலிக்கு உபசாரமா? என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லையே."

சாப்பிடுகிறவன் வந்தவனை அழைக்காவிட்டால், போ என்று சொன்னதாகத்தானே நம் ஊரில் அர்த்தம்.

லாகோஸ் பேருந்து கவிழ்ந்த அன்று மதியம், கொலாடே இந்த நாற்காலியருகே வந்து நின்று "அப்பா" என்றான். கோபத்தில் நான் அழைக்கவில்லை. தட்டிலிருந்து தலையும் நிமிரவில்லை. "நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பேருந்துக்குப் போய்விட்டான்.

இப்போது நான் கூப்பிட்டதும் முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் வந்து நிற்கிறது. என் காதின் பிழையோ என்னவோ, திரும்பிப் பார்க்கப் பயம்.

நம்மைப் பார்க்காமலே போய்விட்டானே என்று நீ அழும்போதெல்லாம் வாய் மூடியிருந்தேன். அவன் வந்தான்.

அவனுடைய அப்பா