நம்பரைப் படிக்கச் சொன்னாயே

அன்புள்ள நரேஷுக்கு,

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். ஜெர்மனியில் நீ எங்களைவிட நன்றாகவே இருப்பாய், அதனால் கேட்கவில்லை. போனில் என்றால் பேசியே என்னைக் கரைத்துவிடுவாய் என்றுதான் கடிதம்.

உன் தங்கை சுமாவுக்கு பெங்களூரில் பிசியோதெரபி சீட் கிடைத்ததும் தெரியாது, அது கைவிட்டுப் போனதும் உனக்குத் தெரியாது. சொல்லவேண்டாம் என்றாள், அண்ணன் வருத்தப்படுவானாம். நீ வருத்தப்படவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். படிப்புக் கடனுக்கு அவளோடு நான் கையெழுத்துப் போட்டேன். பேங்கில் ஷைலா மேடம், நம் கடையில் பெயின்ட் வாங்குகிறவர்தான், கம்ப்யூட்டரைப் பார்த்தவர் அப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் ஃப்ளாட் கடனில் நானும் கடன்காரன் அல்லவா, வேலை போனபோது தவணையைத் தள்ளிப்போடச் சலுகை வாங்கினாயே, அது என் பெயரிலும் ஏறியிருக்கிறது. பிறகு ஒழுங்காகக் கட்டினாலும், கட்டமுடியாமல் மாற்றியமைத்த கடன் என்ற குறிப்பு சுலபத்தில் போகாதாம். மேலிடத்துல ஒத்துக்கலைங்க, வேற யாராச்சும் கையெழுத்து போடுவாங்களா பாருங்க என்றார். பஜாரில் என்னை நம்பி லோடு கணக்கில் சரக்கு இறக்குகிறவர்கள்கூட இதற்கு வரவில்லை. காலேஜில் பணம் கட்டும் நாள் தாண்டிவிட்டது.

நீ அந்தச் சலுகை வாங்கிய அன்று கடையில் கூட்டம். உங்க போனுக்கு பேங்கிலிருந்து ஓ.டி.பி. நம்பர் வந்திருக்கும், படிங்கப்பா என்றாய். இன்னாத்துக்குடா என்று கேட்டேன். பேங்கே கொடுக்கிற சலுகைப்பா, உங்களுக்கு ஒண்ணும் ஆவாது என்றாய். ஆணி நிறுத்துக்கொண்டே படித்தேன். சலுகை வாங்கியது தப்பில்லை, வேலை போனவன் வேறென்ன செய்வான். இதை எப்படிப் பதிவு செய்வீர்கள், அப்பா பெயரில் என்ன ஏறும் என்று பேங்கில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது சலுகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்குமாம். நீ படித்தவன், படித்துத்தான் இருப்பாய். இப்போது சுமா கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். அம்மா உனக்கென்று இடித்த பருப்புப்பொடியை நான் அனுப்பவில்லை.

நேற்று மெசேஜ் போட்டிருந்தாய், கடனை வட்டி குறைந்த பேங்குக்கு மாற்றுகிறேன், நம்பர் வரும், படிங்கப்பா என்று. வந்தது. நான் படிக்கவில்லை. படித்தாலும் அந்தக் குறிப்பைப் புது பேங்கிலும் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு உனக்கு இல்லை என்றால் எனக்குச் சந்தோஷமே.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். குலதெய்வம் உன்னைக் காப்பாற்றட்டும், என்னை எதிர்பார்க்காதே. ஒன்று மட்டும் ஞாபகம் வை. என் போன் இனி சுமாவிடம்தான் இருக்கும். நம்பர் வேண்டுமென்றால் அவளைக் கேள். எதற்கு என்று அவளுக்கு விளக்கிச் சொல்லிவிட்டுக் கேள்.

இப்படிக்கு,
உன் கூட்டுக் கடன்காரன்,
நாராயணசாமி