காலி டப்பா

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நீ அனுப்பிய புல்லாங்குழல் சிடி வந்து சேர்ந்தது. சின்ன வயதில் நாம் டேப் தேயத் தேயக் கேட்ட அதே ஆல்பம். ஞாயிறு முழுக்க அதைத்தான் கேட்டேன். மூன்றாவது பாட்டில் குழல் மேலே ஏறுமே, அந்த இடம் அப்படியே இருக்கிறது. லேத் பட்டறையில் வேலை அதிகம். உன் மூக்குக்கண்ணாடிக் கடை எப்படிப் போகிறது?

உன் தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

கடை நன்றாகவே போகிறது. நேற்று பிளேயரைத் திறந்தால் அந்தக் குழல் சிடி உள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. அனுப்பும் முன் ஒரு தடவை கேட்கலாம் என்று போட்டவள், எடுக்க மறந்து வெறும் டப்பாவை அனுப்பியிருக்கிறேன். நீயோ ஞாயிறு முழுக்கக் கேட்டிருக்கிறாய்.

முதலில் சிரித்தேன். பிறகு மனசு வலித்தது. திறந்து பார்க்கக்கூட மனமில்லையா? நான் அனுப்புவது தொந்தரவென்றால் சொல்லிவிடு, நிறுத்திவிடுகிறேன்.

கோபத்துடன்,
அக்கா

மார்ச் 20

அக்கா,

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். தயவுசெய்து நிறுத்திவிடாதே.

இருபது வருட லேத் சத்தம் என் காதைத் தின்றுவிட்டது. மெல்லிய, உச்சமான சத்தம் எதுவும் கேட்பதில்லை. போனது வராது என்கிறார் டாக்டர். போன வருடம் நீ அனுப்பிய குழல் இசையே எனக்குப் பாதிதான் கேட்டது. சொன்னால் நமக்கென்று இருந்த ஒன்றும் போய்விடுமோ என்று பயந்து, கேட்டதாகவே எழுதிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் என் பெண்டாட்டி ஒரு ஜாஸ் சிடி வாங்கி வந்தாள். அதில் ஆள் உயரத்துக்கு ஒரு பேஸ் வாத்தியம், கனத்த குரலில், அடி வயிற்றிலிருந்து பேசுகிற மாதிரி. அதன் அதிர்வு மேஜைமேல் வைத்திருந்த கை வழியாகவே ஏறியது. "என்னங்க, உங்க கால் தாளம் போடுதே" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது தினமும் அதுதான்.

உன் பொய்யன்

மார்ச் 29

அடேய் பொய்யா,

ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறேன், சொந்தத் தம்பியின் காதைக் கவனிக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் கடையிலேயே அழுதேன். எதிரே கண் சோதனைக்கு உட்கார்ந்திருந்தவர் தன் பார்வைதான் அவ்வளவு மோசம் போலிருக்கிறது என்று மிரண்டுவிட்டார்.

சனிக்கிழமை இசைக் கடைக்குப் போய், இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்த்தார். பஞ்சைத் தாண்டி வந்தவை மூன்று, மூன்றையும் வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதில் ஒன்று செல்லோ, வயலினைவிடப் பெரிய, கனத்த குரல் வாத்தியம். எனக்கும் புதுசு, பஞ்சை எடுக்க மறந்து வீடு வரை வந்துவிட்டேன்.

மே மாதம் லீவு போட்டு வருகிறேன். குழல் சிடியும் வரும், டப்பாவைப் பத்திரமாக வை. நான் கேட்கிறேன், நீ பக்கத்தில் உட்கார். அது மேலே ஏறும் இடம் வந்ததும் உன் கையை அழுத்துகிறேன்.

மூன்று டப்பாவிலும் சிடி இருக்கிறது. திறந்து பார்த்துவிட்டு எழுது.

அக்கா