கணவாய்க்கு ஒரு மணி நேரத் தொலைவில்

இன்று காலை நம் ஷூ கம்பெனியின் சாம்பிள் அறைக்கு ஒரு ஜோடி மலையேறும் ஷூ வந்தது. கணுக்காலுக்கு மேலே ஏறும் உயரம், தேன் நிறத் தோல், முப்பத்தேழாம் அளவு. வழக்கம்போல உள்ளே கையை விட்டு, தையல் முடிச்சு எங்காவது உறுத்துகிறதா என்று விரல்நுனியால் தடவிப் பார்த்தேன். புதுத் தோலும் பசையும் கலந்த அந்த வாசனை குப்பென்று ஏறியது. பதினான்கு வருடமாக முகர்கிற வாசனைதான். பக்கத்து மேசைக்காரி, "இத யாருக்குக்கா போட்டு நடக்க வெக்கிறது?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை, அவள் வேலைக்குச் சேர்ந்தே நாலு மாதம்தான் ஆகிறது. ஷூவை அப்படியே வைத்துவிட்டுப் போய், பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பெண்கள் ஷூ எதுவானாலும் முதல் மாதிரியை முப்பத்தேழில்தான் செய்வார்கள். அதைப் போட்டு நடந்து பார்க்க அதே அளவில் ஒரு கால் வேண்டும். எத்தனையோ பேரை நிற்க வைத்து அளந்தார்கள். ஒருத்திக்கு இடது பெரிது, இன்னொருத்திக்குக் கட்டைவிரல் வளைவு. இரண்டு பாதமும் மயிரிழை பிசகாமல் முப்பத்தேழில் இருந்தவள் நீ ஒருத்திதான். நாம் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். உன்னைத் தையல் மெஷினில் உட்கார வைத்தார்கள், என்னைச் செக்கிங்கில். குறை கண்டுபிடிப்பதுதான் என் சம்பளம். அதனால் நீ நடக்கும்போது கூடவே நடந்து, எங்கே கடிக்கிறது, எங்கே மடிகிறது என்று எழுதும் வேலையும் எனக்கே வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அமிர்தி மலைக்காட்டுக்குப் போவோம். அருவிக்குப் போகும் பாதையில் நீ பாறைக்குப் பாறை தாவுவாய். நான் சாதாரணச் செருப்போடு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் இரைக்க இரைக்க வருவேன். "குதிகால் கடிக்குதாடி?" என்று கேட்டால், "கடிக்கல, சும்மா மோந்து பாக்குது" என்பாய். இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று நான் முழிப்பேன். "லேசான உரசல்" என்று எழுதி அனுப்புவேன். நம்மிடம் ஷூ செய்து வாங்கும் வெள்ளைக்காரன் அதைப் படித்துவிட்டுக் குதிகாலில் ஒரு மெத்தை கூட்டுவான். உன் பேச்சை நம்பி எத்தனை நாட்டுக்காரர்கள் மலை ஏறியிருப்பார்கள் என்று சொல்லிச் சிரிப்போம்.

அந்த வெள்ளைக்காரன் அனுப்பிய கேட்லாக்கில் ஒரு படம் இருந்தது. ஒரு கணவாயின் உச்சியில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் காலில் நாம் தைத்த ஷூ. அவளுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பது படத்தில் தெரியாது, மூடுபனிதான் தெரியும். நீ அந்தப் பக்கத்தைக் கிழித்து உன் மெஷின் மேல் ஒட்டி வைத்தாய். "அந்தப் பக்கம் இன்னா இருக்குன்னு ஒரு தபா பாக்கணும்டி" என்று மூன்று வருடம் சொன்னாய். நான் "பாக்கலாம், பாக்கலாம்" என்றேன். எல்லாரும் சொல்வதுபோலச் சொன்னேன், நீ நிஜமாகவே ஏற்பாடு செய்வாய் என்று நினைக்கவில்லை.

உன் அம்மாவும் வேண்டாம் என்றார், மாமியாரும் வேண்டாம் என்றார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு சம்பந்திகளும் ஒத்துப்போனார்கள் என்று உன் வீட்டுக்காரர் கேலி செய்தார். ஆட்டோ ஓட்டுகிற மனிதர், ஏலகிரியைத் தாண்டி எந்த மலையையும் பார்த்ததில்லை. ஆனால், "நீ போய்ட்டு வா. ரெண்டு கிழவிங்களயும் பாப்பாவயும் நான் பாத்துக்கிறேன்" என்று அவர்தான் உன்னை அனுப்பி வைத்தார். காட்பாடியில் ரயில் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குளிர் ஜாஸ்தியா இருந்தா திரும்பி வந்துரு, வீம்பு பண்ணாத" என்று உன்னிடம் சொல்லிவிட்டு, "பாத்துக்கம்மா" என்றார் என்னைப் பார்த்து.

இமாச்சலில் மலையேறும் பாதை தேவதாருக் காட்டுக்குள் தொடங்கியது. நம்மோடு வந்தவர்கள் பத்துப் பேர், எல்லாரும் டெல்லி, புனே பக்கம் படித்த பிள்ளைகள். நமக்குக் கம்பெனி கழிசலில் ஒதுக்கிய ஷூ, அவர்களுக்குக் கடையில் வாங்கிய ஷூ. ஆம்பூரில் பக்கத்து வீட்டு பாயம்மாவிடம் கற்ற உன் ஹிந்துஸ்தானியை வைத்து நீ கழுதைக்காரனிலிருந்து டீக்கடைக்காரி வரை எல்லாரிடமும் கதை பேசினாய். மூன்றாம் நாள், ஒரு புனேக்காரி டீக்கடை வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். நீ கேட்காமல் கொள்ளாமல் அந்த ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாய். அந்தப் பெண் பயந்தே போய்விட்டாள். "நம்ம லைன் தையல்டி இது. பின்பக்கம் பாரு, ரெட்டைத் தையல்" என்றாய். பிறகு அவளிடம் உன் கைகளை விரித்துக் காட்டி, இந்தக் கைதான் தைத்தது என்று சொன்னாய். அன்றிலிருந்து அந்தக் கூட்டத்தில் உனக்கு மரியாதை கூடிவிட்டது. என்னையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள்தான் கணவாய். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன்.

விடிந்தும் விடியாததுமாக வழிகாட்டி எல்லாரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். உயரத்தில் தலை வலிக்கலாம், மூச்சு முட்டலாம், வாந்தி வரலாம். வந்தால் மறைக்கக் கூடாது, உடனே இறங்க வேண்டும் என்றார். ஹிந்தியில் அவர் சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய். பிறகு நடந்தோம். மூன்று மணி நேரம் கழித்துப் பனி மூடிய ஒரு சரிவு வந்தது. குறுக்கே ஒரு பாதம் வைக்கும் அகலத்துக்குப் படி வெட்டியிருந்தார்கள். இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. பனி வழுக்கிக்கொண்டே போய் எங்கோ கீழே பாறைகளில் முடிந்தது. அதைத் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் கணவாய். நீ எனக்கு முன்னால் பத்துப் படி போய், திரும்பி நின்று, எனக்காகக் காத்திருந்தாய்.

எனக்குக் கால் எழவில்லை. தலை வலிக்கவில்லை, மூச்சு முட்டவில்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை. பயம். சுத்தமான பயம். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. காலையில் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகளை வரிசையாக ஒப்பித்தேன். "தலை வலிக்குதுடி. மூச்சு முட்டுது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு." அதோடு உட்கார்ந்துகொண்டேன்.

வழிகாட்டி உன்னைப் போகச் சொன்னார். தன் ஆள் ஒருவன் என்னைக் கீழே கூட்டிப்போவான், நீ ஏறு என்றார். ஒரு மணி நேரம்தான் என்று விரலைக் காட்டினார். நீ கணவாய்ப் பக்கம் ஒரு முறை பார்த்தாய். நான் அதைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நீ அந்தப் பத்துப் படியையும் திரும்பி வந்து, என் பையையும் உன் தோளில் மாட்டிக்கொண்டாய். "மலை எங்க ஓடிப்போவுது? அடுத்த வருசம் வந்தா போச்சு" என்றாய். இறங்குகிற வழியெல்லாம், இப்போ எப்படி இருக்கு, இப்போ எப்படி இருக்கு என்று நூறு தடவை கேட்டாய். நான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பரவாயில்லை என்று நடித்தேன்.

திரும்பும் ரயிலில் நீதான் அந்த யோசனையைச் சொன்னாய். எனக்கு முப்பத்தொரு வயது, ராணிப்பேட்டையில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். "மூச்சு முட்டுச்சுன்னு உங்கம்மா வாயில வந்துச்சுன்னா போதும். பொண்ணுக்கு நெஞ்சுல கோளாறுன்னு ஊரே பேசும். எனக்குத்தான் கல்யாணம் ஆயி பாப்பாவும் ஆயிடுச்சே, எனக்கு வந்ததாவே இருக்கட்டும்" என்றாய். நான் வேண்டாம் என்றேன். ரொம்ப மெல்லச் சொன்னேன், உனக்கே கேட்டிருக்காது.

அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னோம். என் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா உன்னிடம், "மலையில உனக்குத்தானே முடியாம போச்சு?" என்று கேட்டார். "ஆமாங்க. இவ இல்லன்னா நான் இல்ல. தாங்கிப் புடிச்சு இறக்குனா" என்று நீ என் தாடையைத் தொட்டுச் சொன்னாய். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கல்யாணப் பெண் வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த வருடம் எனக்குக் குழந்தை பிறந்தது, போக முடியவில்லை. அதற்கு அடுத்த வருடம் உனக்குக் காய்ச்சல் வந்தது. வெறும் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். அது நெஞ்சில் இறங்கி, உன்னை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். முன்பு எப்போதாவது மூச்சுத் தொந்தரவு உண்டா என்று டாக்டர் கேட்டபோது, நான் உன் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். "உண்டு டாக்டர், மலைக்குப் போனப்போ" என்றார் அவர். டாக்டர் எழுதிக்கொண்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகு அவரே சொன்னார். டாக்டர் சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய். உன்னைக் குழிக்குள் இறக்கும்போது உன் அம்மா மருமகனின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "மலைக்கு அனுப்பி வெச்சியே. அங்கயே அவ நெஞ்சு ஒடஞ்சி போச்சு. என் பொண்ண நீதான் கொன்னே" என்றார். உன் வீட்டுக்காரர் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை. அதை அவர் நம்பினார். உன் அம்மா அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் என் வீட்டில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். உன் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைத்தான் நினைத்தேன். மன்னித்துவிடு என்று எழுதக்கூடக் கை கூசுகிறது.

இன்று சாயங்காலம் உன் வீட்டுக்காரர் ஆட்டோவில்தான் வந்தேன். ஷிஃப்ட் விட்டதும் எங்கள் நாலு பேரை அவர்தான் ஏற்றி வருவார். நான் கடைசியாக இறங்குகிறவள். மற்றவர்கள் இறங்கியபின், "பாப்பா பேஜாரு பண்றா. ஸ்கூல்ல அமிர்தி கூட்டினு போறாங்களாம். கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். மலைன்னாலே எனக்கு ஆவறதில்லம்மா. ஒருத்திய அனுப்புனது போதும்" என்றார்.

அமிர்தி. நீ தாவித் தாவி நடந்த பாறைகள்.

"அண்ணா, வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு உடம்புக்கு ஒன்றுமே வரவில்லை, எனக்குத்தான் வந்ததாகச் சொன்னேன், உண்மையில் எனக்கும் வரவில்லை, பயந்துபோய்ப் பொய் சொன்னேன், என் கல்யாணத்துக்காக நீ அதைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டாய் என்று சொன்னேன். உன் அம்மாவிடமும் நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

அவர் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "அவ போயி ஒரு வருசம் ஆவுது. ஒரு வருசமா நீ என் வண்டியிலதான் வர்ற" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ மேல அவளுக்கு மூச்சு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சுண்ணா. எனக்கு முன்னாடி போயி நின்னுட்டு இருந்தா."

அவர் தலையை ஆட்டினார். அந்த மனிதருக்கு ஒரு பாரம் இறங்கியது என் கண்ணுக்கே தெரிந்தது. இறங்கிய இடத்திலேயே இன்னொன்று ஏறியது.

"அப்போ நீ பொய் சொல்லலன்னா அவ அந்தப் பக்கம் போயி பாத்திருப்பா, இல்ல?"

"பாத்திருப்பாண்ணா."

அவர் வண்டியைக் கிளப்பினார். என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். நாளைக்கு வருவாரா என்று தெரியாது. உன் அம்மா வீட்டுக்கு நாளை போகிறேன், என் வீட்டிலும் சொல்லிவிடுவேன். என்ன நடந்தாலும் நடக்கட்டும்.

ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு. அந்தப் பனிச்சரிவில் "பயமா இருக்குடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ சிரித்திருக்கமாட்டாய். அந்தப் பத்துப் படியைத் திரும்பி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக என்னையும் அந்தப் பக்கம் கூட்டிப்போயிருப்பாய். இது எனக்கு இப்போது புரிந்த விஷயமில்லை. உட்கார்ந்துகொண்டு பொய் சொன்ன அந்த நிமிடத்திலேயே எனக்குத் தெரியும்.