ஹெல்மெட் கழற்றும் ஒரு மணி நேரம்

குட்டியின் அப்பாவுக்கு,

சலூனுக்கு இன்று லீவு என்று அயர்ந்து தூங்குகிறீர்கள். எழுப்ப மனசு வரவில்லை, வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

பத்து மணிக்குக் குட்டியின் ஹெல்மெட்டைக் கழற்றிக் குளிப்பாட்டுங்கள். உள்பக்கத்தைத் துடைத்துக் காயவைத்து, பதினொன்றுக்குத் திரும்ப மாட்டிவிடுங்கள். அழுகிறாள் என்று மனம் இளகிவிடாதீர்கள். ஒட்டிப்போன மண்டை எலும்பை ஆபரேஷனில் வெட்டிவிட்டாலும், ஹெல்மெட் இருந்தால்தான் தலை உருண்டையாக வளரும்.

இன்னொன்று. இரண்டாம் மாதத்தில் அவள் தலையைத் தடவிவிட்டு, "நடு உச்சில எலும்பு வரப்பு மாதிரி புடைச்சிருக்கு, டாக்டர்கிட்ட காட்டலாம்" என்றீர்கள். "ஊரார் தலையைத் தடவுற வேலையெல்லாம் சலூனோட வச்சுக்கங்க, என் பொண்ணுக்குக் குறை சொல்லாதீங்க" என்று எரிந்து விழுந்தேன். இரண்டு நாள் பேசவும் இல்லை. மூன்றாம் நாள்தான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

நேற்று டாக்டர் அளந்து பார்த்து, "தலை அழகா வந்திருக்கு. இவ்வளவு சீக்கிரம் யாரும்மா கவனிச்சது?" என்று கேட்டார். வாய் கூசாமல் "நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

பி.கு.: தலையில் ஹெல்மெட் அழுத்திய சிவப்புத் தடம் அந்த ஒரு மணி நேரத்தில் மறையாவிட்டால் உடனே போன் செய்யுங்கள்.

மறுபடியும் பி.கு.: அடுத்த வாரம் நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். பக்கத்தில் நின்று சிரிக்கக் கூடாது.