ஒரு வேலைக்கு ரெண்டு பேர்

ஜூன் 3, செவ்வாய்

திண்டிவனம் பைபாஸில் புதிதாக வரும் சூப்பர் மார்க்கெட்டுக்கு மேனேஜர் வேண்டுமாம். அடுத்த செவ்வாய் விழுப்புரத்தில் இன்டர்வியூ, சர்டிஃபிகேட்டோடு யார் வேண்டுமானாலும் நேரில் வரலாமாம். மொபைல் கடை மூடியதிலிருந்து கட்டிலை விட்டு இறங்காத என் வீட்டுக்காரர் லூர்து பிரகாஷ், இன்று கண்ணாடி முன் நின்று "மை செல்ஃப் லூர்து பிரகாஷ்" என்கிறார். கண்ணாடிக்கு அவரை முன்னாடியே தெரியும்.

ஜூன் 5, வியாழன்

கம்பெனிக்காரி வேஷம் எனக்கு. நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும்.

"கஸ்டமர் கத்தினா என்ன பண்ணுவீங்க?"

"அவன் யாரு என்னைப் பாத்துக் கத்தறதுக்கு?"

பால் பொங்குகிறதென்று எழுந்தேன். "கம்பெனி பாதியில எழுந்து போவாது, உக்காரு" என்றார். அரை லிட்டர் பால் அடுப்புக்கு.

ஜூன் 7, சனி

அவர் பதிலுக்காக விட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பதில் வந்து நிற்கிறது. நானும் பி.காம்தான். கல்யாணத்துக்கு முன்னால் கோலியனூரில் அரிசி மண்டிக்குக் கணக்கு பார்த்தவள். நானும் இன்டர்வியூக்கு வரட்டுமா என்று கேட்டுவிட்டேன். சிரித்தார்.

"உன்னைய எவன் எடுப்பான் செல்வி? பையைப் புடிச்சிக்கினு கூட வா, போதும்."

சரி, புடிச்சிக்கினே வர்றேன். ஆனா எனக்கு அந்த வேலை வேணும். வேற யார்கிட்ட சொல்ல — வேணும்.

ஜூன் 9, திங்கள்

பையில் அவர் டிபன் டப்பாவுக்கு அடியில் என் சர்டிஃபிகேட்டையும் வைத்தாயிற்று. பயமா இருக்கு.

ஜூன் 10, செவ்வாய்

மாமியார் மகனுக்காக மெழுகுவத்தி ஏற்ற அந்தோணியார் கோயிலுக்குப் போனார். நாங்கள் விழுப்புரம் பஸ் ஏறினோம்.

உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார். "அவங்களுக்குக் கேள்வியே கேக்கத் தெரியலை." அடுத்து யார் என்றார்கள். சர்டிஃபிகேட்டை உருவிக்கொண்டு பையை அவர் மடியில் வைத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

உள்ளே ஆர்த்தி என்று ஒரு மேடம். சரக்குக் கணக்கு கேட்டார், சொன்னேன். பிறகு அதே கேள்வி, கஸ்டமர் கத்தினால்?

"கத்தி முடிக்கட்டும்னு நிப்பேன் மேடம். முடிச்ச பிறகுதான் அவங்களுக்குக் காது கேக்கும். அப்புறம் என்ன வேணும்னு கேப்பேன். வீட்ல பதினோரு வருஷமா அதான் பண்றேன்."

மேடம் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் பையை என் மடியில் வைத்துவிட்டு இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிபன் மட்டும் தீர்ந்திருந்தது.

ஜூன் 13, வெள்ளி

ஃபோன் வந்தது. வேலை எனக்கு! கொல்லையில் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

மாமியாருக்கு அந்தோணியார் மேல் வருத்தம். "நான் ஒன்னு கேட்டா அவரு ஒன்னு குடுக்கறாரு." இவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், "ட்ரெயினிங் குடுத்ததே நான்தான்." அதுவும் பொய்யில்லை.

ஜூன் 23, திங்கள்

முதல் நாள். காலையில் மாமியார் முட்டி வலி என்று படுத்துவிட, சாம்பார் சாதம் கட்டியது இவர். பில் போடும் பவானி டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"வீட்டுக்காரரா சமைச்சாரு? நீங்க குடுத்து வெச்சவங்க மேடம்."

இத்தனை வருஷம் நான் கட்டிக் கொடுத்த டப்பாவைப் பார்த்து, அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சாயங்காலம் வாசலிலேயே நின்றார். "சாம்பார் எப்பிடி இருந்துச்சு?" நல்லா இருந்துச்சு என்று சொல்லத்தான் வாய் போனது, பழக்கம்.

"உப்பு தூக்கல்" என்றேன்.

டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நாளைக்குக் கம்மியா போடறேன்."