நகம் பார்க்கும் திங்கட்கிழமை

இன்று காலையும் பெட்டியில் ஒரு தாள் கிடந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்து நான்காக மடித்த தாள். பிரித்தால் ஒன்றுமில்லை. திருப்பிப் பார்த்தேன், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன். பேனா பட்ட தடம்கூட இல்லை. தொடர்ந்து நான்காவது திங்கட்கிழமை இது. நான்கு தாள்களையும் என் கைப்பையில், உங்கள் நகவெட்டியோடு வைத்திருக்கிறேன். நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இது யாருடைய தாள் என்று கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

பெட்டி வந்த கதை உங்களுக்கு நினைவிருக்கும். மாணவிகளின் மனநலத்தைக் கவனிக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியை என் தலையில் கட்டினார். "நீங்கதான் யுனிவர்சிட்டில படிச்சவுக" என்பது அவர் சொன்ன காரணம். நான் படித்தது பொருளியல். மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வந்து, பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்யச் சொல்லி, பூட்டுப் போட்டு, நூலக வாசலில் மாட்டினேன். 'பெயர் வேண்டாம், மனதில் இருப்பதை எழுதிப் போடுங்கள்' என்று அதன்மேல் ஒட்டினேன். நீங்கள் விளையாட்டு வகுப்பை முடித்து, கழுத்தில் விசிலோடு மைதானத்திலிருந்து வந்து நின்று பார்த்தீர்கள்.

"என்ன டீச்சர், உண்டியல் வச்சிருக்கீக? கோயில்ல இருக்கது பத்தாதா?"

"பேரு போடாம எழுதலாம். யாருன்னு தெரியாது."

"தெரியாதாக்கும்! வருசம் பூரா அவளுக நோட்டத் திருத்துறீக. ரெண்டு எழுத்தப் பாத்தாலே எவ எழுதுனதுன்னு சொல்லிருவீக. அது அவளுகளுக்குத் தெரியாதா?"

நான் சிரிக்கவில்லை. உங்களுடைய வழியில் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. திங்கட்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் வரிசை வரிசையாக நடந்து, "ஏட்டி, கைய நீட்டு" என்று ஒவ்வொருத்தியின் நகத்தையும் பார்ப்பீர்கள். வளர்ந்திருந்தால் அங்கேயே வெட்டிவிடுவீர்கள். பெரிய பெண்களை இப்படி நிற்க வைப்பது அவமானம் என்று ஆசிரியர் கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் பஸ் நிலையத்தில் நான் ராஜபாளையம் பஸ்ஸுக்கும் நீங்கள் மம்சாபுரம் பஸ்ஸுக்கும் காத்திருந்தபோதுதான் சொன்னீர்கள்: "நகத்த யாரு பாத்தா? ஒருக்கா கையப் புடிச்சிட்டு விடுதேன். அம்புட்டுதான்."

முதல் மூன்று வாரம் பெட்டியில் எதுவும் இல்லை. பிறகு வெற்றுத்தாள்கள் விழ ஆரம்பித்தன. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். மைக்கைப் பிடித்து, எல்லார் முன்னிலையிலும் கண்டித்தேன். அடுத்த வாரம் தாள் விழவில்லை. என் கண்டிப்பு பலித்துவிட்டதாக உங்களிடம் சொன்னேன்.

"வெளாட்டு இல்ல டீச்சர். எழுதப் பயந்துக்கிட்டுப் போட்டது. இப்ப அதுவும் போச்சு" என்றீர்கள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவளைக் கண்டுபிடித்தது உங்கள் கைதான். ஒன்பதாம் வகுப்புக் காளீஸ்வரி. நகமெல்லாம் சதையோடு கடித்துவைத்திருந்தாள். வெயிலில் நின்றும் உள்ளங்கை ஐஸாக இருந்தது என்றீர்கள். வலைப்பந்து சாமான்கள் வைக்கும் அறையில் அவளை உட்கார வைத்து, பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தீர்கள். பரீட்சை முடிந்ததும் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கப் போகிறார்கள் என்று அவள் சொன்னாள்.

"செத்த பொறுங்க டீச்சர். அவுக ஆத்தாளப் போயிப் பாத்துப் பேசுதேன்" என்றீர்கள். நான் பொறுக்கவில்லை. சட்டம் இருக்கிறது, புகார் செய்யத் தொலைபேசி எண் இருக்கிறது, பயிற்சியில் சொன்ன முறை இருக்கிறது. அன்று மதியமே கூப்பிட்டுவிட்டேன். அதிகாரிகள் அவள் ஊரான வ. புதுப்பட்டிக்குப் போனார்கள். பெற்றோரிடம் எழுதி வாங்கினார்கள். கல்யாணம் நின்றது. அவள் பள்ளிக்கு வருவதும் நின்றது.

பத்து நாள் கழித்து நாம் இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா தண்ணீர் கொடுத்தாள். அப்பா வாசலிலேயே நின்றார்.

"கல்யாணத்த நிறுத்தச் சொன்னீக, நிறுத்தியாச்சு. ஊரே சிரிக்குது. இனி அவ எங்கயும் போக மாட்டா. போதுமா டீச்சர்?"

"பிள்ள என்னண்ணே பண்ணுச்சு?" என்று கேட்டீர்கள்.

"நீங்க இன்னைக்கு வந்தீக. எம்புட்டு நாளைக்கு வந்து பாப்பீக?"

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. காளீஸ்வரி வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு முறை தனியாகப் போய்வந்ததும், கடைசி முறை வீடு பூட்டியிருந்ததும் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லவில்லை. நாம் சேர்ந்து போன அன்று, திரும்பி வரும் பஸ்ஸில் மட்டும் ஒன்று சொன்னீர்கள்: "உங்க மேல தப்புன்னு சொல்ல மாட்டேன். நான் பேசிக்கிட்டே இருந்தா, அதுக்குள்ள தாலி ஏறியிருக்குமோ என்னமோ." அதற்குமேல் ஆறுதலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம் என்று பல நாள் உங்கள்மேல் கோபம் இருந்தது.

பன்னிரண்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தும் நாம் 'நீங்க, வாங்க'வை விடவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் நான் உங்களைப் பார்க்க வந்தபோது, நீங்கள்தான் என் கையை எடுத்து வைத்துக்கொண்டீர்கள். ஊசி குத்திக் குத்தி உங்கள் கை நீலம் பாரித்திருந்தது. "நகம் வளந்திருக்கு டீச்சர். ஃபைன் போடணும்" என்றீர்கள். கிளம்பும்போது, "என் பைக்குள்ள நகவெட்டி கெடக்கு, எடுத்துக்கிடுங்க. இங்க எனக்கு நர்ஸம்மா வெட்டிவிடுதாக" என்றீர்கள். எடுத்துக்கொண்டேன். எதற்கென்று கேட்கவில்லை.

உங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. நகம் பார்ப்பதும் நின்றுபோயிருந்தது. இந்த முறை தாள்கள் விழ ஆரம்பித்தபோது நான் மைக்கைத் தொடவில்லை. இன்று, நான்காவதை எடுத்துக்கொண்டு நேராக மைதானத்துக்குப் போனேன். உங்கள் விசில் என்னிடம் இல்லை. "எல்லாரும் கைய நீட்டுங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"எக்கனாமிக்ஸ் மிஸ்ஸுக்கு என்னட்டி ஆச்சு?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"விலைவாசி ஏறிருச்சுல்ல, நகத்துக்கும் வரி போட வாராக" என்றாள் இன்னொருத்தி. வரிசை குலுங்கியது. நானும் சிரித்திருக்கலாம்.

ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் பார்த்தேன். எத்தனையோ கைகள். மருதாணி வைத்த கை, மை ஒட்டிய கை, அடுப்பில் சுட்ட தழும்புள்ள கை, பூக்கட்டி நார் அறுத்த விரல். நகம் கடித்தவர்கள் மட்டுமே இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். முதல் பத்துக் கைகளில் எல்லாமே குளிர்ந்திருப்பதாகத் தோன்றியது. அதற்குப் பிறகு எதுவுமே தோன்றவில்லை. உங்கள் கைக்குத் தெரிந்தது என் கைக்குத் தெரியவில்லை. தெரிந்தால் மட்டும் என்ன செய்வேன்? மறுபடியும் அதே எண்ணைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடாமலும் இருக்க முடியாது. மறுபடியும் ஒரு வாசலில் ஒருவர், போதுமா டீச்சர் என்று கேட்பார்.

கடைசி வரிசையில், கடைசிக்கு முந்தியவள். ஒல்லியான பெண். என் வகுப்பு இல்லை, பெயர் தெரியாது. நகம் சுத்தமாக வெட்டியிருந்தது. கையைப் பிடித்தேன்.

"மிஸ், ஒங்க கை ஏன் இப்பிடிச் சில்லுன்னு இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அத்தனை பேரில் வேறு யாரும் அப்படி என்னிடம் கேட்கவில்லை. அவள் தன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மணி அடித்துவிட்டது. வரிசை கலைந்து எல்லாரும் வகுப்புக்கு ஓடினார்கள். அவளும் போனாள், திரும்பிப் பார்க்காமல்.

அவள்தானா? நீங்கள் இருந்தால் சொல்லியிருப்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. நாளை அவள் பெயரை மட்டுமாவது கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த திங்களும் பெட்டியைத் திறப்பேன், கைகளைப் பிடிப்பேன். நகவெட்டி பையில் இருக்கிறது. இன்று யாருக்கும் வெட்டவில்லை.